அண்ணன் கொண்டுவந்த வெள்ளைப் பொடி

மருந்துத் தொழிற்சாலையின் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவளிடம் அவளுடைய அண்ணன் ஒரு பொட்டலத்தோடு வந்து நின்றான். எக்ஸ்ரே எடுக்கும்முன் நோயாளிகள் குடிக்கும் பேரியம் சல்பேட். மருத்துவமனைகளுக்கு அவன் விற்கவிருந்த புதுச் சரக்கு.

"உன் கையால ஒரு தடவை பார்த்துச் சொல்லிடு. எனக்கு அது போதும்."

அவளுக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. அவள் படிப்பை வீட்டில் யாரும் ஒரு பொருட்டாக மதித்ததே இல்லை.

கூடத்திலிருந்த சுத்தமான பேரியம் சல்பேட்டை ஒரு குவளைத் தண்ணீரிலும் அண்ணனின் பொடியை இன்னொன்றிலும் கலக்கி வடிகட்டினாள். இரண்டு நீரும் கண்ணாடிபோல் தெளிந்திருந்தன. நீரில் பேரியம் கரைந்திருந்தால் வெள்ளையாகக் காட்டிக்கொடுக்கும் சோடியம் சல்பேட் கரைசலை இரண்டிலும் சொட்டுச் சொட்டாக விட்டாள். முதல் குவளை நீர் தெளிவாகவே இருந்தது. அண்ணனுடையது வெள்ளையாகக் கலங்கிவிட்டது.

"பேரியம் சல்பேட் தண்ணியில கரையாதுண்ணா. அதனாலதான் குடிச்சாலும் உடம்புல ஒட்டாம வெளிய போயிடும். இதுல கரையற பேரியம் இருக்கு. கார்பனேட்டைக் கலந்திருப்பாங்க. அது தண்ணியில துளிதான் கரையும், ஆனா வயித்து அமிலம் பட்டா மொத்தமும் கரைஞ்சிடும். விஷம்!"

"நல்லவேளை உன்கிட்ட வந்தேன். இன்னிக்கே திருப்பி அனுப்பிடறேன்."

அவள் கண்ணை மூடிக்கொண்டு நம்பினாள்.

அடுத்த வாரம் ஒரு எக்ஸ்ரே டாக்டர் போன் செய்தார். "உங்க அண்ணன் சரக்கு இன்னிக்குத்தான் பிரிச்சோம். நீங்களே சோதிச்சு நல்லா இருக்குன்னு சொன்னீங்களாமே? எங்ககிட்ட இருக்கற மத்த மருந்தையும் சோதிச்சுத் தருவீங்களா?"

அவள் இடைமறித்தாள். "யாருக்காவது குடுத்துட்டீங்களா?"

"ஒரு அம்மா கையில டம்ளரோட நிக்கறாங்க."

"பிடுங்குங்க டாக்டர்!"

போனில் ஓடும் சத்தம், ஏதோ உருளும் சத்தம். பிறகு மூச்சிரைக்க அவர் குரல். "குடிக்கலை."

பொடியில் விஷம் கலந்திருப்பதையும் அதை அண்ணனிடம் அன்றே சொன்னதையும் அவள் டாக்டரிடம் சொன்னாள்.

சாயங்காலம் அண்ணன் வாசலிலேயே கத்தினான். "கூடப்பிறந்தவளே என் பிழைப்புல மண்ணைப் போட்டுட்டியே!"

"விஷம்னு சொன்னேனே. கேட்டுட்டுத்தானே போன?"

"கொஞ்சூண்டுதானே கரையும்னு நீதான் சொன்ன."

அவள் அவன் முகத்தையே பார்த்தாள். பொடி எப்படி இருந்தாலும் அவனுக்கு ஒன்றுதான். சொல்லி விற்க அவள் பெயர் வேண்டியிருந்தது. அதற்காகத்தான் அத்தனை பாசமாக வந்திருக்கிறான். உச்சி குளிர்ந்த தன்னை நினைத்தபோது உடம்பெல்லாம் கூசியது.

"போலீஸ்ல டாக்டர் புகார் குடுக்கறார். நான் சாட்சி சொல்லப் போறேன்."

"அண்ணன்னு கூடப் பார்க்க மாட்டியா?"

"இத்தனை நாள் அப்படித்தான் பார்த்தேன்" என்றாள். கதவைச் சாத்திய பிறகுதான் அழுதாள்.