கண்ணாடிக்காரரின் பாஸ்வேர்டு

1.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை எனக்கு ஓசியில் கிடைத்தது. அலுவலகங்களில் வேலை நடக்கும் விதமும் அங்குள்ள கணினிச் செயலியும் ஒத்துப்போகின்றனவா என்று மதிப்பிடுவது என் தோழி ஒருத்தியின் பிழைப்பு. பேருந்துக்குக் காத்திருந்தபோது சொன்னாள்: "ஒரு ரத்த வங்கியில செத்துப்போனவர் பேருல தினமும் ரத்தப் பை சரிபார்க்கிறாங்க." அதற்குள் பேருந்து வந்துவிட்டது. மீதி என் கைச்சரக்கு.

2.

முதல் தொடக்கம்: "பேய்களுக்குத் தட்டச்சு தெரியாது என்று யார்—"

வேண்டாம். பேய்க்கதை என்று நினைத்துவிடுவீர்கள்.

இரண்டாவது தொடக்கம். ரத்தப் பை வெளியே போக வேண்டுமானால் இருவர் தனித்தனியே சரிபார்த்து, அவரவர் பாஸ்வேர்டைப் போட வேண்டும். செயலியின் விதி அது. இரண்டாமவரான கண்ணாடிக்காரர் ஐந்து மாதத்துக்கு முன் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். மேலிடம் வேறு ஆள் போடவில்லை. ஆனால் என் தோழியைப் போல அங்கே மதிப்பிட வந்த மதிப்பீட்டாளர் பார்த்த திரையில், நேற்று மாலைகூட அவர் பெயர் சரிபார்த்ததற்கு அடையாளமாகப் பச்சையில் இருந்தது.

"அக்கா, இதை யாரு போடறது?"

"நான்தான் மேடம்." அங்கே மிஞ்சியிருந்த ஒரே ஊழியர் எதையும் ஒளிக்கவில்லை. "ஆனா சும்மா போடல. பாருங்க."

அக்கா ஒரு பையின் எண்ணை, நோயாளிக்கு ஒதுக்கிய பை எண் எழுதிய சீட்டோடு ஒப்பிட்டுத் தன் பாஸ்வேர்டைப் போட்டாள். பிறகு எழுந்து, மேசையைச் சுற்றிப்போய், கண்ணாடிக்காரரின் நாற்காலியில் உட்கார்ந்தாள். அவரைப் போலவே வாய்விட்டு முதலிலிருந்து படித்தாள். அதற்கப்புறம்தான் அவருடைய பாஸ்வேர்டு.

[இந்த அக்காவை நானே நம்பவில்லை. சோம்பேறியாக எழுதிப் பார்த்தேன், கதை படுத்துவிட்டது. சோம்பேறி என்றால் மாட்டிவிடுவது சுலபம், மதிப்பீட்டாளருக்கும் எனக்கும்.]

3.

மதிப்பீட்டாளர் தன் அறிக்கையில் 'பொருந்தவில்லை' என்று எழுதினால் அன்றைக்கே கண்ணாடிக்காரரின் லாகினை முடக்குவார்கள். அப்புறம் ஒரு பைகூட நகராது. அக்காவுக்கும் வேலை போகும். 'பொருந்துகிறது' என்று எழுதினால், என்றைக்காவது ஒருநாள்

(இந்த வாக்கியத்தை முடிக்க மனம் வரவில்லை.)

தொலைபேசி அடித்தது. அறுவைச் சிகிச்சை அறையிலிருந்து. "ஒரு பை வேணும், உடனே!"

அக்கா ஓடிப்போய்ப் பையையும் அந்த நோயாளியின் சீட்டையும் எடுத்து வந்தாள். படித்தாள், பாஸ்வேர்டு. மேசையைச் சுற்றினாள், உட்கார்ந்தாள், வாய்விட்டுப் படித்தாள். "சரி." விரல் பொத்தானுக்குப் போனது. மதிப்பீட்டாளர் சும்மாதான் எட்டிப் பார்த்தாள். சீட்டில் 70482. பையில் 70428.

"அக்கா, நிறுத்துங்க!"

நாற்காலி மாறியிருந்தது, கண் மாறவில்லை. சரியான பை பக்கத்துத் தட்டிலேயே இருந்தது. இருவரும் சேர்ந்து படித்து அனுப்பினார்கள்.

4.

முடிவு ஒன்று: மதிப்பீட்டாளர் உள்ளதை உள்ளபடி எழுதுகிறாள், மறுநாளே மேலிடம் புது ஆளை அனுப்புகிறது. (சிரிக்காதீர்கள்.)

முடிவு இரண்டு: அவள் கண்டும் காணாமல் போய்விடுகிறாள். எண்கள் மாறியதைப் பார்த்த பிறகு இதை எழுத எனக்குக் கை வரவில்லை.

மூன்றாவது முடிவை யோசித்துக்கொண்டிருந்தபோது அக்கா முந்திக்கொண்டாள்.

"எழுதிடுங்க மேடம். இன்னிக்கு நான் ஒருத்தரைக் கொன்னிருப்பேன். என்னை அனுப்பினாலும் சரிதான். ஆனா லாகினைப் பூட்டிட்டா, நாளைக்கு இங்கேருந்து பை எப்படிப் போகும்? அதையும் சேர்த்து எழுதுவீங்களா?"

மதிப்பீட்டாளரைப் பதில் சொல்ல வைக்க மூன்று நாள் முயன்றேன். எழுதியதையெல்லாம் அடித்துவிட்டேன். அதனால் அந்தப் பதிலை உங்கள் தலையில் கட்டுகிறேன், கோழைத்தனம்தான், ஒப்புக்கொள்கிறேன். என்னைப் போல மூன்று நாள் எடுத்துக்கொள்ளாதீர்கள். நாளைக் காலை அறுவைச் சிகிச்சைப் பட்டியலில் ஆறு பேர் இருக்கிறார்கள்.