சங்கரலிங்கம் காரணி

போடி பஜாரில் பலசரக்குக் கடைக்காரர் மகளாகப் பிறந்த சுகிர்தத்துக்கு நகலில்லாமல் எதையும் எழுத வராது. அப்பா கடைப் பில் புத்தகத்தில்தான் கணக்குப் போடுவாள். மேலே தேதி, நடுவே கார்பன் தாள். மேல் தாள் யாரிடம் போனாலும் அடித்தாள் புத்தகத்தை விட்டுப் போகாது. கணிதத்தில் முதல் வகுப்பில் தேறியவள். கணவர் சங்கரலிங்கம் கல்லூரியில் இயற்பியல் விரிவுரையாளர்.

கனத்த குவார்க்கும் அதன் எதிர்க்குவார்க்கும் ஜோடியாகக் கட்டுண்ட துகள் எப்படிச் சிதையும் என்று 1977-ல் அவர் ஒரு மாதிரி கட்டினார். சூத்திரம் அவருடையது, எண் போட்டு விடை எடுப்பது அவள். கட்டுரையில் அவள் பெயரும் வரும் என்று வாக்குக் கொடுத்திருந்தார். தன் பெயரை அச்சில் பார்க்க அவளுக்குக் கொள்ளை ஆசை.

அந்தத் துகள் ஒளியை உமிழ்ந்து கொஞ்சம் லேசான இன்னொன்றாக இறங்கும். இரண்டுக்கும் ஆற்றல் இடைவெளி எத்தனை மில்லியன் எலெக்ட்ரான் வோல்ட்? சுகிர்தத்துக்கு நூற்றுப் பதினெட்டு வந்தது. வெளிநாட்டுச் சோதனைக்காரர்களோ இருநூற்று அறுபத்தைந்து என்று எழுதியிருந்தார்கள்.

"வெள்ளைக்காரக மெசின் வச்சுப் பாத்துச் சொல்றாக. நீ அடுப்படியில உக்காந்து இல்லங்கிறயாக்கும்?" என்றார் சங்கரலிங்கம்.

மூன்று முறை போட்டாள். அதே நூற்றுப் பதினெட்டு. புத்தகத்திலிருந்த மூன்றாவது தாளின் மேலேயே "265 வர வேண்டும்" என்று அழுத்தி எழுதி, கையெழுத்தும் போட்டு அவள் பக்கம் தள்ளினார். பிறகு அவரே ஒரு மாறிலியை முறுக்கினார், வந்துவிட்டது. ஆனால் இடைவெளி விரிந்ததும் சிதைவின் வேகம் பதினோரு மடங்கு எகிறியது. பதினொன்றால் வகுக்க ஒரு காரணியை நுழைத்து, அதற்குத் தன் பெயரையே சூட்டிக்கொண்டார். ஏன் பதினொன்று என்று கேட்க ஆளில்லை.

சென்னை ஆய்விதழில் கட்டுரை வந்தது. தட்டச்சு செய்த துணைவிக்கு நன்றி என்று அடியில் ஒரு வரி, அதிலும் பெயரில்லை. அன்று அவள் குழம்பில் உப்பே போடவில்லை. அதையும் வழித்துச் சாப்பிட்டுவிட்டு, காரணியைப் பற்றிப் பேச மதுரைக்குக் கிளம்பினார் மனுஷன்.

மூன்று வருஷம் கழித்து அந்த லேசான துகள் அங்கே இல்லவே இல்லை என்று ஆகிவிட்டது. புதிதாகக் கண்டது வேறிடத்தில் இருந்தது. இடைவெளி ஏறக்குறைய நூற்றுப் பதினெட்டு.

சங்கரலிங்கம் ஆய்விதழுக்குத் திருத்தம் சொல்லச் சொல்ல, சுகிர்தம் தட்டச்சு செய்தாள். எண் கணக்கைச் செய்த மனைவி திருமதி சுகிர்தத்தின் பிழையால் முடிவு தவறியது என்று வாசகம் போயிற்று.

"பேரு வரணும்னு கேட்டயில்ல, போட்டாச்சு" என்றார். கேலியில்லை, உபகாரம் செய்ததாகவே நினைத்தார்.

அவள் ஓர் எழுத்தைக்கூட மாற்றவில்லை.

"பழைய கணக்குத் தாளையும் கூட வைக்கட்டுமாங்க?"

"வையி. ஒன் தப்புக்கு அதான சாட்சி."

அவள் பில் புத்தகத்தை எடுத்தாள். பிறந்ததிலிருந்து முதல்முறையாக அடித்தாள்களைக் கிழித்தாள். மூன்றிலும் 1977-ம் வருஷத் தேதி, மூன்றிலும் நூற்றுப் பதினெட்டு. கடைசித் தாளில், நீல கார்பனில், சங்கரலிங்கத்தின் கையெழுத்து.

வழியில் தொலைந்துவிடக் கூடாதென்று அவரே உறையை ஒட்டி, சைக்கிளில் போய், பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டு வந்தார்.