மயக்க மருந்தை நம்பாதவர்

என் வீட்டுக்காரர் ஹரிராம் எதையும் நம்பாமல் இருப்பதற்காகவே சம்பளம் வாங்கியவர். கப்பலூரில் ரப்பர் சாமான் செய்யும் சின்னக் கம்பெனி ஒன்றில் தரம் பார்க்கிற வேலை. ஒரு வாஷரைக் கையில் கொடுத்தால் திருப்பிப் பார்ப்பார், நசுக்கிப் பார்ப்பார், வெளிச்சத்தில் தூக்கிப் பிடிப்பார், அதற்கப்புறமும் முகம் தெளியாது. கம்பெனியில் அதற்கு மரியாதை இருந்தது. வீட்டில் நான்தான் கிடந்து அல்லாடினேன். தலைவலி மாத்திரை வாங்கி வந்தால் அட்டைக்குள் மடித்து வைத்திருக்கும் பொடியெழுத்துக் காகிதத்தைப் பிரித்துக் கடைசி வரி வரை படிப்பார். "இது ஈரலுக்கு ஆகாதாம்" என்று மாத்திரையை ஓரமாக வைத்துவிட்டுத் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அந்த மனுஷனோடு இருபது வருஷத்துக்கு மேல் குடித்தனம் நடத்தியிருக்கிறேன், எனக்கே ஒரு மெடல் கொடுக்கலாம்.

அப்படிப்பட்டவருக்கு இரண்டாயிரத்து எட்டாம் வருஷம் மூளையில் கட்டி வந்தது. முதலில் வார்த்தைகள் நழுவின. கரண்டியைக் கேட்க வந்தவர் "அது, அது" என்று கையை ஆட்டிக்கொண்டு நிற்பார். வயசாகிவிட்டது என்று கேலி செய்தேன். பிறகு ஒருநாள் கம்பெனியிலேயே வலிப்பு வந்து விழுந்தார். ஸ்கேனில் இடது பக்கம், பேச்சுக்கான இடத்தை ஒட்டி, கட்டி தெரிந்தது. சீக்கிரம் எடுக்க வேண்டும், எவ்வளவு அதிகமாக எடுக்க முடிகிறதோ அவ்வளவுக்கு ஆயுசு கூடும் என்றார் மூளை ஆபரேஷன் செய்யும் டாக்டர் ஸ்ரீநாத்.

மறுநாள் இவர் காளவாசலில் ஒரு பிரவுசிங் சென்டருக்குப் போய் வெகுநேரம் உட்கார்ந்து படித்துவிட்டுக் கோச்சடை வீட்டுக்கு வந்து சேர்ந்தார். செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்தார்.

"ஹம்சா, ஆபரேஷன் வேணாம்."

எங்கள் வீட்டுப் பேச்சு சௌராஷ்டிரம். வாசகர்களுக்காக இங்கே தமிழில் எழுதுகிறேன்.

"மயக்கம் குடுக்க ஒரு வாயு விடுறாங்கல்ல, அதக் கண்ணாடித் தட்டுல வளக்கிற கட்டி செல்லு மேல விட்டுப் பாத்திருக்காங்க. சிலதுல கட்டி இன்னும் வேகமா வளருதாம். எடுக்கப் போயி அதுக்கு உரம் போட்டுட்டு வரச் சொல்றியா?"

"தட்டுல வளர்றதும் உங்க தலையில வளர்றதும் ஒண்ணா?"

"அதான் யாருக்கும் தெரியலங்கிறேன்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "உங்க சந்தேகத்துக்கு நான் தாலி அறுக்கணுமா?" என்று கேட்டுவிட்டேன். அவர் சாப்பிடாமல் படுத்தார், நானும் சாப்பிடவில்லை. எனக்கு அவர் வேண்டும், அவ்வளவுதான். தட்டில் என்ன வளர்ந்தால் எனக்கென்ன?

கடைசியில் மயக்கம் கொடுக்கும் டாக்டரையாவது பார்த்துப் பேசலாம் என்று இழுத்துக்கொண்டு போனேன். பெனடிக்ட் என்று பெயர். குண்டான, நிதானமான மனுஷர், எங்களைவிட வயசில் சின்னவர். இவர் கேள்வியைக் கேட்டதும், 'அதெல்லாம் ஒண்ணுமில்லை' என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள் டாக்டர் என்று கண்ணாலேயே கெஞ்சினேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை.

"நீங்க படிச்சது தப்பில்லண்ணே," என்றார். "அப்படிச் சில சோதனை இருக்கு. வேற சில மருந்து கட்டிய அடக்குதுன்னும் சொல்றாக. எல்லாம் தட்டுல பாத்தது, எலியில பாத்தது. மனுஷ மூளைக்குள்ள எது என்ன செய்யும்னு இன்னைக்குத் தேதிக்கு எனக்குத் தெரியாது. தெரிஞ்சது ஒண்ணுதான். எடுக்காம விட்டா அது வளரும். அதுல சந்தேகமே கெடையாது."

அந்த டாக்டரை அங்கேயே நாலு வார்த்தை கேட்க வேண்டும் போலிருந்தது. தெரியாது என்று சொல்லவா இவ்வளவு படித்தார்? ஆனால் பக்கத்தில் இவர் முகம் தெளிந்துவிட்டது. எனக்கு நம்பவே முடியவில்லை. வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒருத்தர் தெரியாது என்று சொன்னதுதான் இவருக்கு உலகத்திலேயே முதல் உத்தரவாதமாகப் பட்டிருக்கிறது.

"அந்த வாயு இல்லாம செய்ய முடியுமா டாக்டர்?"

பெனடிக்ட் சிரித்தார். "நானே இதை உங்ககிட்ட எப்படிக் கேக்கிறதுன்னு முழிச்சுக்கிட்டிருந்தேன்."

கட்டி பேச்சுக்குப் பக்கத்தில் இருப்பதால் முழித்திருக்கும்போதே எடுப்பதுதான் நல்லது என்று டாக்டர் ஸ்ரீநாத்தும் நினைத்திருக்கிறார். மண்டையைத் திறக்கும்வரை ஊசி மருந்தில் லேசாகத் தூங்க வைப்பார்கள். தோல் மரத்துப்போக ஊசி போடுவார்கள். மூளைக்கு வலி தெரியாதாம். பிறகு எழுப்பிப் படம் காட்டுவார்கள். இவர் ஒவ்வொன்றுக்கும் பெயர் சொல்ல வேண்டும். சரியாகச் சொல்கிறவரை வெட்டலாம். பேச்சு தடுமாறினால் அந்த இடத்தில் நிறுத்திவிடுவார்கள்.  இவர் புது மெஷினைப் பார்க்கப் போகிறவர் மாதிரி தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

"வீட்ல என்ன பாஷை பேசுவீங்க?" என்று பெனடிக்ட் கேட்டார்.

"தமிழ்தான்," என்றார் இவர். நானும் ஆமாம் என்றேன்.

பொய் சொல்ல வேண்டும் என்று சொல்லவில்லை. வெளியில் யார் கேட்டாலும் எங்கள் ஆட்கள் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான் சொல்லுவோம். சௌராஷ்டிரம் என்று வாயைத் திறந்தால் தெலுங்கா என்பார்கள், மராத்தியா என்பார்கள், அப்புறம் குஜராத்திலிருந்து எப்போது வந்தீர்கள் என்று போன மாசம் ரயிலில் வந்து இறங்கினவர்களைக் கேட்கிற மாதிரி கேட்பார்கள். அந்த வம்பு எதற்கு என்று தமிழ் என்று சொல்லிப் பழகிவிட்டது. ஆஸ்பத்திரியில் வைத்த பரீட்சையிலும் இவர் எல்லாப் படத்துக்கும் தமிழில் டாண் டாணென்று சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்து நான் காலண்டரிலும் பழைய பாடப் புத்தகத்திலும் இருந்த படங்களைக் காட்டிப் பழக்கினேன். சௌராஷ்டிரத்தில்தான். எங்கள் வீட்டுக்குள் வேறு எதில் பேசுவோம்?

ஆபரேஷன் அன்று காலையில் உள்ளே கொண்டுபோனார்கள். நான் வெளியில் பெஞ்சில் இருந்தேன். மத்தியானம் பெனடிக்ட் முகமூடியைக் கழுத்துக்கு இறக்கிவிட்டுக்கொண்டு வேகமாக வந்தார்.

"அக்கா, அண்ணன் நல்லாத்தான் சொல்லிக்கிட்டு வந்தாரு. இப்ப என்னமோ பேசுறாரு, ஒண்ணுமே வெளங்கல. பேச்சு போகுதுன்னு டாக்டர் கைய எடுத்துட்டாரு. பாதிகூட எடுக்கல. இத்தோட மூடிரலாங்கிறாரு. ஆனா எனக்கு ஒரு சந்தேகம். ஒரே படத்த மறுபடி காட்டினா மறுபடியும் அதே சத்தந்தான் வருது. உளறலுன்னா அப்படி வராது. நீங்க வந்து ஒருதரம் கேளுங்க."

பச்சை அங்கியும் தொப்பியும் முகமூடியும் மாட்டி என்னை உள்ளே கூட்டிப்போனார்கள். இவரைப் பக்கவாட்டில் படுக்க வைத்துத் துணியால் கூடாரம் போட்டிருந்தார்கள். டாக்டர் ஸ்ரீநாத் துணிக்கு அந்தப் பக்கம். நான் நின்ற இடத்திலிருந்து இவருடைய காதும் கன்னமும்தான் தெரிந்தன. அவர் கண்ணில் நான் படவில்லை. ஒரு நர்ஸ் கத்தரிக்காய்ப் படத்தைக் காட்டினாள்.

இவர் சௌராஷ்டிரத்தில் கத்தரிக்காய் என்றார். தெளிவாகச் சொன்னார். அதோடு நிற்கவில்லை. அரைத் தூக்கத்தில் இருக்கிறவர் மாதிரி, "அவ வைக்கிற குழம்புல எப்பவும் உப்பு ஜாஸ்தி. சொன்னதில்ல. சொன்னா அவ மூஞ்சி சுருங்கிரும்" என்றார்.

ஊரில் இருக்கிற சாமான் எல்லாவற்றையும் நசுக்கிப் பார்த்த மனுஷன், இத்தனை வருஷம் அதை வாயைத் திறக்காமல் சாப்பிட்டிருக்கிறார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்து முகமூடி நனைந்துவிட்டது.

"சரியாத்தான் சொல்றாரு டாக்டர்," என்றேன். "கத்தரிக்கா. எங்க வீட்டுப் பாஷை, சௌராஷ்டிரம்."

 "தமிழுன்னுதானக்கா சொன்னீக," என்றார் பெனடிக்ட். அப்புறம் அவரே, "தூக்க மருந்து இன்னும் முழுசா எறங்கல. களைப்பு வந்ததும் வாய்க்குப் பழகுனது வருது" என்றார்.

"அவரை மாத்தச் சொல்லாதீங்க," என்றது துணிக்கு அந்தப் பக்கமிருந்து டாக்டர் ஸ்ரீநாத்தின் குரல். "வர்ற பாஷையிலயே வரட்டும். நீங்க அங்கயே நில்லுங்கம்மா. சரியா தப்பான்னு மட்டும் சொல்லுங்க. நீங்க சரிங்கிற வரைக்கும் நான் எடுப்பேன்."

கிளி. சரி. குடை. சரி. பூட்டு. சரி. நான் ஒவ்வொரு தடவை சரி என்னும்போதும் கட்டி கொஞ்சம் குறைகிறது. ஒரு தடவை பாசத்தில் தப்பாகச் சரி என்றுவிட்டால் அவர் பேச்சு போய்விடும்.  சரி தப்பு பார்க்கிற இந்த வேலையை அவர் வாழ்நாளெல்லாம் எப்படித்தான் செய்தாரோ என்று நினைத்தேன்.

"இன்னும் கொஞ்சந்தான் இருக்கு," என்றார் டாக்டர் ஸ்ரீநாத்.

நர்ஸ் கடிகாரத்தைக் காட்டினாள். இவர் பேசவில்லை. உதடு மட்டும் அசைந்தது. அப்புறம் மெதுவாக, "ஹம்சா" என்றார்.

பெனடிக்ட் என்னைப் பார்த்தார். அவருக்கு என் பெயர் தெரியாது. "உங்க பாஷையில கடிகாரமாக்கா?"

மறுபடியும் காட்டினார்கள். "ஹம்சா," என்றார் இவர். பரீட்சையில் விடை தெரிந்துவிட்ட பிள்ளை மாதிரி கன்னம் சிரித்தது. அந்தக் குரலில் அவர் என்னைக் கூப்பிட்டுப் பல வருஷம் ஆகியிருந்தது. கட்டி இன்னும் மிச்சமிருக்கிறது. சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் அதையும் எடுத்துவிடுவார்கள்.

"தப்பு டாக்டர்," என்றேன். "நிறுத்துங்க."

மூன்றாம் நாள் வார்டில் தலைக் கட்டோடு உட்கார்ந்திருந்தவரிடம் பெனடிக்ட் மறைக்காமல் சொன்னார். முக்கால்வாசிக்கு மேல் எடுத்தாயிற்று, மிச்சம் இருக்கிறது, கதிர் சிகிச்சை கொடுக்க வேண்டும். "நாங்க போட்ட மருந்து அந்த மிச்சத்த என்ன செய்யும்னு இப்பவும் எனக்குத் தெரியாதுண்ணே. ஸ்கேன் எடுத்துப் பாத்துக்கிட்டே இருப்போம்." இவர் தலையசைத்தார். பெனடிக்ட் போனதும் என் பக்கம் திரும்பினார்.

"ஏன் மிச்சம் வச்சாங்க?" வார்த்தைகளைத் தேடித் தேடித்தான் கேட்டார்.

"நான்தான் நிறுத்தச் சொன்னேன்," என்றேன். "கடிகாரத்தக் காட்டினாங்க. நீங்க என் பேரச் சொன்னீங்க. நான் தப்புன்னுட்டேன்."

அவர் என்னை வெகுநேரம் பார்த்தார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிற அந்தப் பார்வை. பிறகு என் கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"அது தப்புதான், ஹம்சா," என்றார். அதைச் சொல்ல அவருக்குப் பேச்சு மிஞ்சியிருந்தது.