நான்காவது பிளக்

"அரை மணி நேர வேலைதான்க்கா" என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டான் தம்பி. டைல்ஸ் ஒட்டுவது அவன் தொழில். ஆனாலும் அக்காவின் பிக்கப் வண்டி விட்டு விட்டு இழுப்பதைப் பார்த்ததுமே, ஸ்பார்க் பிளக் போய்விட்டது என்று தீர்ப்பு எழுதிவிட்டான். நாற்காலி வாடகைக்கு விடும் அக்கா, நான்கு மணிக்குள் எண்பது நாற்காலிகளைப் பள்ளிக்கூடத்தில் இறக்கியாக வேண்டும்.

மூன்று பிளக்குகள் சொன்ன பேச்சைக் கேட்டு வந்தன. நான்காவது, கை நுழையாத பின்மூலையில் உட்கார்ந்துகொண்டு அசைய மறுத்தது. திருகினான், ஸ்பேனர் வழுக்கியது. மறுபடி திருகினான்; விரல் முட்டி இரும்பில் மோதித் தோல் உரிந்தது.

"முடிஞ்சுதாடா?" வாசலிலிருந்து அக்கா கேட்டாள்.

"தோ, முடிஞ்சிரும்."

"இதையே மூணு தடவ சொல்லிட்ட."

அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மூச்சைப் பிடித்து ஒரே திருகாகத் திருகிவிடலாமா? உடைந்து உள்ளேயே நின்றுவிட்டால் வண்டி படுத்துவிடும். பல்லைக் கடித்துக்கொண்டு, துருவை இளக்கும் எண்ணெயை ஊற்றிவிட்டுக் காத்திருந்தான். காத்திருப்பது மட்டும் அவனுக்குச் சுத்தமாக வராது. கால் மணி நேரம் தாங்கினான். பிறகு இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் என்று ஆட்டி ஆட்டி, ஒருவழியாகக் கழற்றினான்.

புதிய பிளக்குகளைப் பூட்டி, வயர்களைச் செருகி, சாவியைத் திருப்பினான். வண்டி இருமியது, குலுங்கியது, 'டப்'பென்று வெடித்து அணைந்தது. மூன்று முறை முயன்றும் அதே கதை. ஸ்பேனரைத் தரையில் விட்டெறிந்தான்.

அக்கா வந்து எட்டிப் பார்த்தாள். "நாலு வயரையும் ஒண்ணா உருவிட்டியா?"

அவன் குனிந்து வயர்களைப் பார்த்தான். அவள் செல்போனை நீட்டினாள். அவன் வேலையைத் தொடங்குமுன், வயர்கள் இருந்தபடியே அவள் எடுத்து வைத்த படம். அதோடு ஒப்பிட்டால், நடு வயர்கள் இரண்டையும் அவன் இடம் மாற்றிச் செருகியிருந்தான்.

"இத முன்னாடியே காட்டினா என்னக்கா?"

"பக்கத்துல வந்தாலே வெரட்டுன. எப்படிடா காட்டுறது?"

வயர்களை மாற்றினான். வண்டி ஒரே திருப்பில் பிடித்துக்கொண்டது. பள்ளியிலிருந்து போன் வந்தது. "இதோ கிளம்பிட்டோம் சார், மன்னிச்சுக்குங்க" என்று அக்கா கெஞ்சியது அவன் காதைச் சுட்டது. எண்பது நாற்காலிகளையும் அவனே ஏற்றினான், இறக்கினான். முக்கால் மணி நேரம் தாமதம்.

திரும்பும் வழியில் அக்காதான் பேச்செடுத்தாள். "பிரேக்கும் கொஞ்ச நாளா சத்தம் போடுதுடா."

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"மெக்கானிக்கிட்ட காட்டுக்கா."