விற்ற கார் நிற்கும் ஷெட்

சௌந்தரபாண்டியன் வீட்டுக் கார் ஷெட்டில், பதினான்கு வருடத்துக்கு முன்னால் விற்றுப்போன கார் இன்னும் நின்றுகொண்டிருப்பது, கொத்தனார் மலைச்சாமி பழைய தரையைப் பெயர்க்க வந்த அன்றுதான் தெரியவந்தது. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. கால் உடைந்த நாற்காலி, உரச் சாக்கு, ஓட்டை வாளி என்று சுவரோரம் கிடந்த குப்பையை எல்லாம் வாரி வெளியே போட்டார். இத்தனை வருடமாக ஒருவரும் நடுவில் எதையும் போடாமல் ஓரத்திலேயே அடுக்கி வைத்திருந்தது ஏன் என்று அவருக்கு யோசனை வரவில்லை. வெறும் ஷெட்டின் நடுவே நடந்தவர் முழங்காலில் இடித்துக்கொண்டு "ஆத்தாடி" என்று உட்கார்ந்துவிட்டார். பிறகு கையால் தடவினார். பம்பர் இருந்தது, விளக்கு இருந்தது, வைப்பர்கூட இருந்தது. ஒரு கை சிமெண்டை அள்ளி வீசினார்; சாம்பல் நிறத்தில் சின்னக் கார் ஒன்று செத்த நேரம் தெரிந்தது, சிமெண்ட் சரிந்து கீழே கொட்டியதும் மறைந்தது. மலைச்சாமி போய் டீ குடித்துவிட்டு வந்து, "யம்மா, உள்ள கார் நிக்குது. எடுத்து வெளிய விட்டியன்னா வேலைய ஆரம்பிக்கலாம்" என்றார்.

அந்தக் கார் மருமகள் ஜாஸ்மினுடையது. ஸ்ரீவில்லிபுத்தூரில் மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருந்த அவளுடைய அப்பா, ராஜபாளையத்துக்குக் கட்டிக்கொடுத்தபோது சீராகக் கொடுத்த சிவப்பு மாருதி. அவளுக்கு ஓட்டத் தெரியும். புருஷன் ஆல்வினுக்கு அன்றும் தெரியாது, இன்றும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அவள் ஸ்டியரிங் பிடிக்க, அவன் பக்கத்தில் உட்கார, இருவரும் அவளுடைய அப்பா வீட்டுக்குப் போய் வருவார்கள். இதைப் பார்த்த பஜார்க்காரர்கள், உரக்கடை சௌந்தரபாண்டியனிடம், "ஒங்க வீட்ல மருமக வண்டி ஓட்டுதா, மகன் சவாரி வாரான்" என்று சொல்லிச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை மாமனாரால் தாங்க முடியவில்லை. ஜாஸ்மின் தலைப்பிரசவத்துக்குப் போயிருந்த நேரம் பார்த்துக் காரை விற்றுவிட்டார். பிள்ளையோடு அவள் திரும்பி வந்தபோது ஷெட்டில் பெரிய பூட்டுத் தொங்கியது. "ஒரு தகர டப்பா. அதுக்குப் போயி பச்சை ஒடம்புக்காரி மூஞ்சியத் தூக்கி வச்சிருக்காதே" என்றாள் மாமியார் தங்கபாய். எவன் வாங்கிக் கொடுத்த பொருளை எவன் விற்பது? அவளிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று அந்த வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை, கட்டிய புருஷன் உட்பட. ஜாஸ்மின் சோறாக்கினாள், பிள்ளையை வளர்த்தாள், தினமும் துணி காயப்போட அந்த ஷெட்டைத் தாண்டிப் போனபோதெல்லாம் வயிறு எரிந்தாள்.

அப்பா இறந்து கடையை மூடியதும், மோட்டாருக்குக் காப்பர் கம்பிக் காயில் சுற்றும் மெஷினையும் அவருடைய சாமான்களையும் கொண்டுவந்து, பின்கட்டில் துணி துவைக்கும் இடத்தில், அவரிடம் பழகிய வேலையைத் தொடங்கினாள். மழை பெய்தால் சுற்றிய காயில் நனைந்தது. காயிலுக்குப் பூசும் வார்னிஷ் வாடைக்கு மாமியார் கத்தினாள். துவைக்கிற நேரம் வந்தால் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு எழுந்திருக்க வேண்டும். அப்படியிருந்தும் வன்னியம்பட்டிக் கிணற்று மோட்டார்கள் எல்லாம் அவளிடம்தான் வந்தன. செட்டியார்பட்டிப் பக்கம் ஒரு நூற்பாலையில் சூப்பர்வைசராக இருந்த பிரேம்குமார் அவள் வேலையைப் பார்த்துவிட்டு, நல்ல ஒர்க்‌ஷாப்பும் உறுதியான மேசையும் மூணு பேஸ் கரண்ட் லைனும் இருந்தால் மில் மோட்டார் பூராவும் தருகிறேன், இல்லையென்றால் மதுரைக்குத்தான் அனுப்புவேன் என்றார். அன்று சாயங்காலமே ஜாஸ்மின் மாமனார் முன்னால் போய் நின்று ஷெட்டுச் சாவியைக் கேட்டாள். சும்மா கிடக்கிற ஷெட்டுக்கு என்ன காரணம் சொல்லி மறுப்பது என்று தெரியாமல் அவர் கொடுத்தார்.

கொடுத்த ஷெட்டில்தான் இந்தக் கார். நாலு ஆள் சேர்ந்து தள்ளியும் அசையவில்லை. கடப்பாரையால் அடித்தால் காற்றில் கணீரென்று சத்தம் வந்தது. யார் இழுத்தும் கதவு திறக்கவில்லை. தங்கபாய் போதகரைக் கூட்டிவந்தாள். அவர் ஜெபம் பண்ணி, இல்லாத காரின் கூரையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இது பேயுமில்ல, பிசாசுமில்ல. இந்த வீட்ல யாரோ மனசுல வச்சிருக்காவ. மன்னிச்சிட்டா போயிரும்" என்றார். எல்லோரும் ஜாஸ்மினைப் பார்த்தார்கள்.

"எங்கிட்ட யாரும் மன்னிப்பே கேக்கலையே, நான் எதுக்கு மன்னிக்கணும்?" என்றாள் அவள்.

"சீர்னு வாசல்ல வந்து எறங்கிட்டா அது எங்க பொருளு. நான் யார்ட்டயும் கேக்க வேண்டியதில்ல" என்று சௌந்தரபாண்டியன் துண்டை உதறித் தோளில் போட்டார். ஜாஸ்மின் அவரைத் தாண்டிக் காரிடம் போனாள். வெறும் காற்றில் கையை நீட்டி இழுத்தாள்; அவளுக்குக் கதவு திறந்தது. அந்தரத்தில் உட்கார்ந்து ஹாரனை அழுத்திய அழுத்தில் தெரு முழுக்க வாசலுக்கு வந்துவிட்டது. போதகர் ஆசீர்வாதத்தைச் சுருக்கமாக முடித்துக்கொண்டு கிளம்பினார்.

இறங்கியதும் அவள் மலைச்சாமியிடம், "அது எம் வண்டி. நிக்கட்டும். சுத்தி வேலையப் பாருங்க" என்றாள். பார்த்தார்கள். நாலு டயர் இருக்கும் இடத்தை விட்டுக் காங்கிரீட் போட்டார்கள். கிழக்குச் சுவரை உடைத்துப் பெரிய சன்னல் வைத்தார்கள், கூரைக்குப் புதுத் தகடு மாற்றினார்கள், மூணு பேஸ் இழுத்தார்கள். பானெட்டின் சரிவுக்கு ஆப்பு வைத்து, கனத்த வேப்பம்பலகையை ரசமட்டம் பார்த்து மேசையாகப் பொருத்தினார்கள். காப்பர் கம்பிச் சுருள்கள் கார்க்கூரை மேல் ஏறின. பார்க்க வந்த பிரேம்குமார் குனிந்து மேசைக்குக் கால் தேடினார், இல்லை. "எம்புட்டு வெயிட் தாங்கும்?" என்று மட்டும் கேட்டார். ஜாஸ்மின் பலகை மேல் ஏறி நின்று காட்டினாள். மறுவாரமே மில் மோட்டார்கள் வரத் தொடங்கின. மதுரையில் ஆகிற வேலையைவிட இங்கே சுத்தம் என்று பெயராகி, பிறகு ஸ்ரீவில்லிபுத்தூர் ஆலைகளும் அனுப்பின. உதவிக்கு இரண்டு பெண்களைச் சேர்த்துக்கொண்டாள். கம்பிச் சுருள்கள் காற்றில் தொங்குவதையும் ஆட்கள் அந்தரத்தில் சாய்ந்து டீ குடிப்பதையும் லாரி டிரைவர்கள் முதலில் நின்று பார்த்தார்கள், பிறகு பார்ப்பதை விட்டுவிட்டார்கள்.

தங்கபாய் காலமாகி ஒரு வருடம் கழிந்திருந்தது. வயதா, மனசா, என்ன தொந்தரவோ, ஒரு மத்தியானம் சௌந்தரபாண்டியன் ஷெட்டு வாசலில் வந்து நின்றார். துண்டு கையில் இருந்தது. "ஒங்கிட்டக் கேக்காம வித்தது தப்புதான்மா. என்னைய மன்னிச்சிரு" என்றார். குரல் உடைந்துதான் வந்தது, பொய்யில்லை.

ஜாஸ்மின் கம்பியைக் கீழே வைக்கவில்லை. பலகையில் பெரிய மோட்டார் ஒன்று வாயைப் பிளந்து கிடந்தது. அவள் அதைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

"முடியாது மாமா. மன்னிச்சா மேசை விழுந்துரும்."

அவர் மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தார். அது சரிதான் என்று அவருக்கும் பட்டது. தலையாட்டிவிட்டுத் திரும்பிப் போகும்போது பழக்கத்தில் கதவைச் சாத்தப் போனார். "சாத்தாதிய, வார்னிஷ் காயணும்" என்றாள். திறந்தபடியே விட்டுவிட்டுப் போனார்.