பால்குடி மறக்கடித்த வீடு

நகரத்துச் சந்து ஒன்றில், மாடிப்படிக்கடியில் செருப்புகள் குவிந்து கிடக்கும் வீடு ஒன்று இருந்தது. அந்த வீட்டில், நாலு வயதை எட்டிப்பிடிக்க இருந்த பெண்குழந்தை ஒருத்தி இன்னமும் தாய்ப்பால் குடித்துவந்தாள். நாள் முழுக்க அல்ல. தாய்க்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. வில்லைகளைத் தேய்த்துச் சட்டத்தில் பொருத்திவிட்டு மாலையில் அவள் வீடு திரும்பி, கை கழுவி உட்கார்ந்ததும் ஒரே ஒரு முறை. இந்த வழக்கம் குடிப்பவளையும் உறுத்தவில்லை, கொடுப்பவளையும் உறுத்தவில்லை. இதில் சம்பந்தமே இல்லாத மூவரைத்தான் உறுத்தியது.

முதலாமவர் மாமனார். எடைமேடையில் லாரிகளை நிறுத்துப் பார்த்து ஓய்வு பெற்றவர். எதையும் நிறுத்துச் சொல்லும் அவருக்கு, 'பால்' என்ற சொல் மட்டும் தொண்டையில் சிக்கிக்கொள்ளும். இரண்டாமவள் நாத்தனார். உடற்பயிற்சிக் கூடத்தில் பயிற்சி தருபவள் ஆதலால், உலகத்தில் உள்ள எல்லா உடம்புகளைப் பற்றியும் அவளிடம் ஒரு கருத்து இருந்தது. மூன்றாமவன் கணவன். சொந்தக் கருத்து எதையும் வைத்துக்கொண்டு சிரமப்படாத நல்ல மனிதன்.

ஒரு நாள் கணவனின் மேலதிகாரி குடும்பத்தோடு வந்திருந்தார். கூடம் நிறைந்திருந்த வேளையில் குழந்தை தாயின் முந்தானையைப் பிடித்து இழுத்து, "பசியெல்லாம் இல்லம்மா. சும்மா ரெண்டு வாய்" என்றாள். மேலதிகாரியின் கோப்பை வாய்க்குப் போகும் வழியில் நின்றுவிட்டது. விருந்தினர் படியிறங்கியதும் சபை கூடியது.

"அந்த... ஏற்பாட்டுக்கு ஒரு முடிவு கட்டணும்" என்றார் மாமனார், மின்விசிறியைப் பார்த்தபடி.

"தப்பில்ல, தானா விட்டுடுவான்னு டாக்டரே சொன்னாங்களே மாமா."

"டாக்டருக்கு என்னம்மா? வர்றவங்க போறவங்களுக்குப் பதில் சொல்லப்போறது அவங்களா?"

"இது பசியில்ல அண்ணி, பழக்கம்" என்றாள் நாத்தனார். "பிரிச்சு வெச்சாத்தான் தீரும். உங்க அக்கா வீட்டுக்குப் போயிட்டு ஞாயித்துக்கிழமை வாங்க. ஒரு நாள் அழுவா, மறுநாள் மறந்துடுவா."

"எனக்கும் அதான் சரின்னு படுது" என்றான் கணவன். பொத்தான் அறுந்த சட்டையை மனைவியிடம் நீட்டிக்கொண்டே சொன்னான்.

குழந்தை அழுவாளே என்று தாய் அஞ்சவில்லை. அழுகையைத் தேற்றிவிடலாம். மறந்துவிடுவாள் என்கிறார்களே, மெய்யாகவே மறந்துவிட்டால்? எப்போது நிறுத்துவது என்பதை மகளும் தானும் பேசி முடிவு செய்துகொள்ளலாம் என்று அவள் எண்ணியிருந்தாள். அதைப் போய் இந்தச் சபையிலா பறிகொடுப்பது?

"சரி, போறேன்" என்றாள். "ஞாயித்துக்கிழமை வந்து நிக்கறப்ப அவ கேக்கலன்னா நான் நிறுத்திடறேன். ஆனா அதுக்கு முன்னாடி நீங்க என்னை வரச்சொன்னா, அப்புறம் இதைப் பத்தி இந்த வீட்ல யாரும் மூச்சு விடக்கூடாது."

"நாங்க எதுக்கு வரச்சொல்லப் போறோம்?" என்று மூவரும் சிரித்தார்கள்.

புதன்கிழமை காலை, கடைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை வருவதாக மகளிடமும் சொல்லிவிட்டு அவள் புறப்பட்டாள். அக்கா ஒரு சலவைக் கடை வைத்திருந்தாள். அன்று மாலை வழக்கமான நேரத்துக்கு மார்பு கனத்து வலித்தது. அக்கா எதுவும் கேட்காமல், இஸ்திரிப் பெட்டியால் சூடேற்றிய துண்டு ஒன்றை மடித்துத் தங்கையின் கையில் கொடுத்தாள். துண்டை மார்போடு அணைத்துக்கொண்டு அவள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் காலை கைபேசி ஒலித்தது. பதறி எடுத்தாள்.

"குழந்தை என்ன பண்றா?"

"அவளா? நல்லா விளையாடறா" என்றான் கணவன். "என் நீலச் சட்டை எங்க?"

"மாப்பிள்ளை ஒரே ராத்திரியில ஏங்கிப் போயிட்டார் போல" என்றாள் அக்கா, அடுத்தவர் வீட்டுச் சட்டைக் காலரை அழுத்தித் தேய்த்தபடி.

அரைமணி கழித்து மாமனார். காலையில் போடுவது வெள்ளை மாத்திரையா, மஞ்சள் மாத்திரையா? மதியம் நாத்தனார். "அண்ணி, வாஷிங் மெஷின் கதவு திறக்கமாட்டேங்குது. உள்ள தண்ணி நிக்குது. எதை அமுக்கணும்?" மாலையில் மறுபடியும் மாமனார். அடுப்பு ஏன் பற்றவில்லை என்று கேட்டார். குரலில் ஈரம் தட்டியிருந்தது. பிறர் உடம்பை வளைக்கத் தெரிந்த அவர் மகளுக்கு அந்த அடுப்பின் திருகை வளைக்கத் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை நண்பகல் கணவன் அழைத்தான். "கிளம்பி வந்துடேன். குழந்தை விடாம அழறா. பாவமா இருக்கு."

தாய் குறுக்கிட்டாள். "அவகிட்ட குடுங்க."

கொஞ்ச நேரம் கசமுசாவென்று ஏதோ பேச்சு கேட்டது. பிறகு குழந்தையின் குரல் வந்தது. "நான் அழலம்மா. அழுதது தாத்தா. மாத்திரை டப்பா காணோம்னு. அப்பா ஒரு கால்ல மட்டும் சாக்ஸ் போட்டுட்டு வீடெல்லாம் சுத்தறாரு."

தாய் தயங்கினாள். பிறகு கேட்டுவிட்டாள். "பால் ஞாபகம் இருக்கா கண்ணு?"

"இருக்கே. நீ ஞாயித்துக்கிழமைன்னு சொன்னியே, அதான் கேக்கல. அப்பாகிட்டயும் பொறுத்துக்கச் சொல்லும்மா. சொன்னா கேக்கவே மாட்டேங்கறாரு."

கைபேசி மீண்டும் கணவன் கைக்குப் போனது.

"நீங்க வரச்சொன்னா என்ன அர்த்தம்னு தெரியுமில்ல?"

"தெரியும். வா" என்றான் அவன், தோற்ற குரலில்.

அவள் அவசரப்படவில்லை. அக்காவோடு உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்பினாள்.

வீட்டுக் கூடத்தில் மூவரும் காத்திருந்தார்கள். மாமனார் கையில் மருந்துச் சீட்டு. நாத்தனார் தோளில் சொட்டச்சொட்ட ஈரத்துணி. கணவன் கையில் ஒற்றைக் காலுறை. மூவரும் ஒரே சமயத்தில் பேசத் தொடங்கினார்கள். அவள் எல்லோரையும் தாண்டிப் போய்க் கை கழுவிவிட்டு வந்து நாற்காலியில் அமர்ந்தாள். குழந்தை ஓடிவந்து மடியில் ஏறிக்கொண்டாள்.

மாமனார் அவசரமாக மின்விசிறியைப் பார்த்தார். நாத்தனார் வாயைத் திறந்தாள். பேசிய பேச்சு நினைவுக்கு வந்ததும் மூடிக்கொண்டாள். கணவனால்தான் அடக்கமுடியவில்லை. "எப்பத்தான் இதை நிறுத்தப்போறே?" என்று முணுமுணுத்தான்.

"எதை?" என்றாள் அவள். "இவளுக்குக் குடுக்கறதையா, உங்களுக்கெல்லாம் குடுக்கறதையா?"

யாரும் மூச்சு விடவில்லை. சிறிது நேரத்தில் குழந்தை வாயைத் துடைத்துக்கொண்டு தானாகவே மடியிலிருந்து இறங்கி விளையாடப் போய்விட்டாள். மற்ற மூவரும் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை.