தவசிமணியின் குடலுக்கு வந்த விருந்தாளி

தூத்துக்குடியில் உப்பு லாரி ஓட்டும் தவசிமணியின் சிறுகுடலில் நான் பதினோரு வருடமாக வேலை பார்க்கிறேன். குடல் சுவரில் வரிசை வரிசையாக வீடுகள். எங்கள் வீட்டில் நான், என் அக்கா கனியம்மாள், வீட்டுக்குள் சாமான்களை அங்குமிங்கும் கொண்டுபோகும் மாசிலாமணி அண்ணாச்சி, ஆக மூன்று பேர். கோணலாக மடிந்து வருகிற புரதங்களை உள்ளறையில் வைத்துப் பிரித்து, ஜன்னல் வழியாகக் கூடத்துக்குத் தள்ளுவது என் வேலை. கூடத்தில் ஓர் அரவை இயந்திரம் உண்டு. அது வந்ததன்மேல் சீட்டு குத்தும், பிறகு அரைக்கும். அக்கா வாசல் குழாயில் இருந்தாள். தவசிமணிக்குச் சாப்பாடு வழுக்கிப் போகும் அளவுக்குத் தண்ணீர் திறந்துவிட்டு உடனே மூடிவிடுவாள். அவள் மூடும்போது சத்தமே வராது.

வீடு ஐந்து நாள்தான் தாங்கும். பிறகு சுவரிலிருந்து உதிர்ந்துவிடும். அதற்குள் கீழே முளைத்திருக்கும் புது வீட்டுக்கு நாங்கள் சாமான்களோடு இறங்கிவிடுவோம்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, தவசிமணி லாரியை நிறுத்திவிட்டு வழியில் ஒரு பானையிலிருந்து தண்ணீர் குடித்தார். மத்தியானத்துக்குள் எங்கள் வாசலுக்கு ஆறு பேர் வந்தார்கள். ஐந்து பேர் வட்டமாகக் கைகோத்திருந்தார்கள். ஆறாமவர் அவர்கள் தோள்மேல் உட்கார்ந்திருந்தார். ஐவரும் கதவின் கைப்பிடியைப் பற்றிக்கொண்டார்கள். அவர்கள் விடாததால் கதவு உள்பக்கமாக மடிந்து, அவர்களை என் மேசைவரை கொண்டுவந்து விட்டது.

ஆறாமவரின் மேல்பாதியும் கீழ்பாதியும் இடுப்பில் ஒரு கொக்கியால் சேர்ந்திருந்தன. பதிவேட்டை நீட்டினேன். தொழில் என்ற இடத்தில் ‘நஞ்சு’ என்று எழுதினார். கையெழுத்து அழகாக இருந்தது. நஞ்சுக்கு அனுமதி இல்லை என்று எங்கள் விதிகளில் எங்கும் கிடையாது.

என்ன வேலையாக வந்திருக்கிறார் என்று கேட்டேன். இப்போதைக்குத் தன்னால் ஒன்றும் ஆகாது என்றார். கொக்கி மாட்டியிருக்கும்வரை தான் வெறும் சுமை என்றும், பிறந்ததிலிருந்து ஒரு தடவைகூட நிமிர்ந்து நின்றதில்லை என்றும் சொன்னார்.

“நீங்க அவிழ்த்துவிட்டாத்தான் நான் ஆளு.”

கொக்கியைக் கழற்றினேன். கீழ்பாதி ஐவரோடு நின்றுகொண்டது. மேல்பாதியை நூல் நூலாகப் பிரித்து ஜன்னல் வழியாகத் தள்ளினேன். அரவை இயந்திரம் சீட்டு குத்த அவர் உடம்பெங்கும் இடம் தேடியது. எங்கும் ஊசி இறங்கவில்லை. சரி என்று விட்டுவிட்டது. அவர் தானாகவே மறுபடி மடிந்து எழுந்தார், ஆனால் தூக்கக் கலக்கத்தில் இருப்பவர் மாதிரி நின்றார். போகிற வருகிற எல்லோருக்கும் கைகொடுப்பது மாசிலாமணி அண்ணாச்சியின் வழக்கம். இவருக்கும் கொடுத்தார். அந்தக் கை பட்டதும் விருந்தாளி முழுசாக விழித்துக்கொண்டார்.

நேராக அக்காவிடம் போய் அவள் முழங்கையில் ஒரு சின்னப் பொட்டு வைத்தார். அவர் வேலை அவ்வளவுதான்.

குழாய் திறந்திருந்த நேரம் அது. அக்கா கொஞ்ச நேரம் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“தம்பி, மூடுறது எப்படின்னு மறந்துபோச்சு.”

வலப்பக்கம் திருப்பச் சொன்னேன். வலப்பக்கம் எது என்று கேட்டாள். அவள் கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன். கையும் குழாயும் ஒன்றாகியிருந்தன. பக்கத்து வீடுகளிலும் ஐவர் ஐவராக வந்திருந்தார்கள். எல்லா வீட்டிலும் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது.

சாயங்காலத்துக்குள் தவசிமணி பதினாறு தடவை போய்வந்துவிட்டார். காலரா என்று ஆஸ்பத்திரியில் படுக்க வைத்தார்கள். அவர் மனைவி ஜெபராணியின் குரல் சுவர் வழியாகக் கேட்டது. காலெல்லாம் இழுக்குது என்று தவசிமணி அவளிடம் சொன்னார். அடுத்த தடவை சொன்னபோது குரல் நூலாக இருந்தது. எங்கள் சுவர்கள் சுருங்கத் தொடங்கின. பொட்டைத் துடைக்கும்படி விருந்தாளியிடம் கேட்டேன். வைக்க மட்டுமே தனக்குச் சொல்லித்தந்திருக்கிறார்கள் என்றார். அவர் முகத்தில் பொய் இல்லை. கொக்கியைக் கழற்றிய என் விரல்களைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் காலை நர்ஸ் உப்பும் சர்க்கரையும் கரைத்த தண்ணீரை ஜெபராணியிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

“இந்த ஒரு டம்ளரை மட்டும் குடிங்க. அப்புறம் நான் எதுவும் கேக்க மாட்டேன்” என்றாள் ஜெபராணி. ஒவ்வொரு டம்ளருக்கும் அதையே சொன்னாள்.

எங்கள் கூடத்தில் இன்னொரு சின்னக் கதவு உண்டு. உப்பு தனியாக வந்தால் திறக்காது, சர்க்கரை தனியாக வந்தாலும் திறக்காது. இரண்டும் ஜோடியாக வந்தால் திறக்கும். அவற்றின் பின்னாலேயே தண்ணீரும் உள்ளே வந்துவிடும். பொட்டு வைத்தவர் அந்தக் கதவைத் தொடவில்லை. நான் போய் அது சாத்திக்கொள்ளாமல் தோளால் முட்டுக்கொடுத்து நின்றேன். அண்ணாச்சி வந்த ஜோடிகளை வரிசையில் அனுப்பினார். அக்கா வழியாகப் போனது போய்க்கொண்டே இருந்தது. என் பக்கம் வந்தது வந்துகொண்டே இருந்தது. இரண்டு நாள் நானும் அக்காவும் முதுகோடு முதுகாக நின்றோம். வெள்ளிக்கிழமை, போனதைவிட வந்தது ஒரு டம்ளர் கூடுதல். தவசிமணி கண்ணைத் திறந்து, லாரியை யார் எடுத்துப்போனது என்று ஜெபராணியிடம் கேட்டார்.

சனிக்கிழமை எங்கள் வீடு ஆடத் தொடங்கியது. அண்ணாச்சி சாமான்களோடு இறங்கினார். நான் அக்கா பக்கத்திலேயே நின்றேன்.

“என் கை வராதுடா. நீ இறங்கு.”

கொக்கியைக் கழற்றியது நான்தான் என்று சொன்னேன்.

“தெரியும். ஜன்னல் வழியா பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன். அழகா கழட்டுன.”

இறங்கினேன். வீடு உதிர்ந்தது. ஓடுகிற குழாயோடு அக்கா மெதுவாகத் தூரத்துக்குப் போனாள். விருந்தாளி அவளுக்குக் குடை பிடித்துக்கொண்டு போனார். கண்ணுக்குத் தெரிகிறவரை அவள் முழங்கையைப் பார்த்தேன். பொட்டு அவளுக்கு நன்றாகத்தான் இருந்தது.

புது வீட்டில் சுவர்கள் ஈரமாக, இளஞ்சிவப்பாக இருந்தன. குழாய் வேலைக்கு அன்று காலைதான் உப்பளத்துக்கு வரும் ஒரு பூநாரையை நியமித்திருந்தார்கள். அது ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தது. அதற்குத் தமிழ் தெரியாது என்று அண்ணாச்சி சொன்னார். நான் அதை அக்கா என்று கூப்பிட்டேன். சத்தமே வராமல் குழாயை மூடிவிட்டு அது என்னைத் திரும்பிப் பார்த்தது.